ஹாஸ்டலை ஃபேக்டரியில் கட்டலாமா? ப்ரீகாஸ்ட் பற்றி ஒரு சின்னப் பாடம்

தலைப்பைப் பார்த்ததும் "இது சிவில் பசங்களுக்கான கட்டுரை"ன்னு மெக்கானிக்கல், ஈசிஇ நண்பர்கள் ஸ்க்ரோல் பண்ணிப் போயிடாதீங்க. இரண்டு பேர் ரூமில் மூணாவது கட்டில் போட்டுத் தூங்குற யாருக்கும் இது சம்பந்தப்பட்ட விஷயம்தான். சிவில் படிக்கிறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா சம்பந்தம் இருக்கு. ஏன்னு கடைசியில் சொல்றேன்.

கேள்வி இதுதான்: ஒரு ஹாஸ்டலை சைட்டில் செங்கல் செங்கலா கட்டாமல், சுவர், ஸ்லாப், படிக்கட்டு எல்லாத்தையும் ஃபேக்டரியில் வார்த்து, லாரியில் கொண்டு வந்து, கிரேன் வெச்சு அடுக்கினா என்ன? நேரம் மிச்சமாகுமா? சுற்றுச்சூழலுக்கு நிஜமாவே நல்லதா? உள்ள தங்குறவனுக்கு நல்லதா? மூணுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. ஹாஸ்டலுக்கும் ப்ரீகாஸ்டுக்கும் ஏன் இவ்வளவு பொருத்தம்?

முதல் காரணம், ஒரே மாதிரி ரூம். வீடு கட்டினா ஒருத்தருக்குப் பூஜை ரூம் வேணும், இன்னொருத்தருக்கு வாசல் கிழக்கே இருக்கணும். ஹாஸ்டலில் 101-ம் ரூமும் 314-ம் ரூமும் ஒண்ணுதான்.

இது ஏன் முக்கியம்? ப்ரீகாஸ்டில் பெரிய செலவு இரும்பு மோல்டு. ஒரு மோல்டு 3 லட்சம் ரூபாய்னு வெச்சுக்கங்க (கணக்குக்காக எடுத்த தொகை). அதில் 10 பேனல் மட்டும் வார்த்தா ஒவ்வொரு பேனல் தலையிலும் 30,000 ரூபாய் மோல்டு செலவு ஏறும். அதே மோல்டில் 300 பேனல் வார்த்தா வெறும் 1,000 ரூபாய்தான். ரூம் எண்ணிக்கை கூடக் கூட ப்ரீகாஸ்ட் மலிவாகிட்டே வரும்.

இரண்டாவது காரணம், காலேஜ் காலண்டர். ஒரு அபார்ட்மெண்ட் அக்டோபரில் முடிஞ்சா என்ன, டிசம்பரில் முடிஞ்சா என்ன, கொஞ்சம் வாடகை நஷ்டம், அவ்வளவுதான். ஹாஸ்டல் அப்படி இல்ல. அட்மிஷன் முடிஞ்சு பர்ஸ்ட் இயர் உள்ள வர்றதுக்குள்ள ரெடியாகலைன்னா, அந்த வருஷம் முழுக்க அந்தப் பசங்க வெளியில் பிஜியில் இருக்கணும், இல்ல உங்க ரூமில் மூணாவது கட்டிலுக்கு வரணும்.

2. நேரம் எங்கே மிச்சமாகுது?

நிறைய பேர் "கிரேன் வேகமா அடுக்கும், அதனால சீக்கிரம் முடியும்"னு நினைக்கிறாங்க. அது பாதி உண்மை.

சைட்டில் வார்க்கும் ஸ்லாபை எடுத்துக்கங்க. ஐஎஸ் 456 படி சாதாரண சூழலில் 4.5 மீட்டர் வரைக்கும் ஸ்பான் இருந்தா முட்டு குறைஞ்சது 7 நாள் நிக்கணும். அதுக்கு மேல போனா 14 நாள். அந்த முட்டுக்காடு நிக்கிற வரைக்கும் கீழ்த்தளத்தில் கொத்தனார் சுவர் கட்ட முடியாது, எலக்ட்ரீஷியன் உள்ளே நுழைய முடியாது. ஒவ்வொரு மாடிக்கும் இதே கதை. ஒரு வேலை முடிஞ்சாதான் அடுத்தது.

ப்ரீகாஸ்டில் வேலைகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். சைட்டில் அஸ்திவாரம் தோண்டும்போதே ஃபேக்டரியில் இரண்டாவது மாடிச் சுவர் வார்த்து முடிஞ்சிருக்கும். மிச்சமாகும் நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் வருது. நெட்வொர்க் டயக்ராம் படிச்சவங்களுக்கு உடனே புரியும்: க்ரிட்டிக்கல் பாத்தில் இருந்த வேலையைத் தூக்கிப் பக்கத்து லைனில் போட்டாச்சு.

நம்ம பக்கத்திலேயே உதாரணம் இருக்கு. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் லைட் ஹவுஸ் ப்ராஜெக்ட். 2021 ஜனவரி 1-ல் அடிக்கல், 2022 மே 26-ல் திறப்பு. தரைத்தளம் + 5 மாடி, மொத்தம் 1,152 வீடுகள். தூண், பீம், ஸ்லாப், படிக்கட்டு எல்லாம் ப்ரீகாஸ்ட். நடுவில் கொரோனா இரண்டாம் அலை வந்ததையும் சேர்த்துப் பாருங்க. ஹாஸ்டல் இல்லைன்னாலும், ஒரே மாதிரி சின்னச் சின்ன யூனிட் நிறைய வேணும்கிற அளவில் ஹாஸ்டலுக்கு ரொம்ப நெருக்கமான கேஸ் இது.

3. மூணு வகை, மூணு குணம்

ப்ரீஃபேப்னு பொதுவா சொன்னாலும் உள்ள வகைகள் உண்டு.

பேனல் முறை: சுவரும் ஸ்லாபும் தட்டையான துண்டுகளா வரும். சீட்டுக்கட்டில் வீடு கட்டுற மாதிரி நிறுத்திச் சேர்க்கணும்.

ஃப்ரேம் முறை: தூணும் பீமும் ஸ்லாபும் மட்டும் ப்ரீகாஸ்ட். சுவர் லேசான பிளாக்கில். பெரும்பாக்கம் இந்த வழிதான். அங்க உள்சுவருக்கு ஏஏசி பிளாக் போட்டிருக்காங்க.

முழு ரூம் முறை: ரூமே ஒரு பெட்டியா வரும். டைல்ஸ், ஜன்னல், வயரிங், பாத்ரூம் எல்லாம் ஃபேக்டரியிலேயே முடிஞ்சிருக்கும். சிங்கப்பூரில் இதுக்குப் பேர் பிபிவிசி. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நார்த் ஹில் ஹாஸ்டல்கள் இப்படித்தான் வந்தது, 13 மாடியில் 6 பிளாக், இரும்புச் சட்டப் பெட்டிகளை ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி.

"அப்போ நாமும் பெட்டி முறைக்கே போயிடலாமே?" கேட்கத் தோணும். தடை எங்க இருக்குன்னா, நம்ம ரோட்டில். இந்திய மோட்டார் வாகன விதிப்படி லாரியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. கட்டில், மேஜை, நடக்க இடம்னு ஒரு நல்ல ரூமுக்கு 3 மீட்டர் அகலமாவது வேணும். தாண்டினா தனி பர்மிட் எடுக்கணும், ரோட்டில் முன்னாடி பின்னாடி பாதுகாப்பு வண்டி, ராத்திரி ஓட்டம்னு சிக்கல் கூடும். அதனாலதான் இங்க பேனலும் ஃப்ரேமும் அதிகம். டிசைனை ஸ்ட்ரக்சுரல் சாஃப்ட்வேர் முடிவு பண்றதுக்கு முன்னாடியே லாரி முடிவு பண்ணிடுது!

அடுத்த கண்டிஷன் கிரேன். ஒரு சுவர் பேனல்: 3.6 மீ நீளம், 3 மீ உயரம், 150 மிமீ தடிமன். கன அளவு 1.62 கன மீட்டர். கன மீட்டருக்கு 2.5 டன்னு போட்டா எடை சுமார் 4 டன். "4 டன் கிரேன் போதும்"னு எழுதினா மார்க் போயிடும். கிரேன் கை நீள நீள அது தூக்கும் எடை குறையும். கிரேன் நிக்கிற இடத்தில் இருந்து கட்டிடத்தின் தூர மூலை எவ்வளவு மீட்டர், அந்தத் தூரத்தில் 4 டன்னும் கொக்கி, சங்கிலி எடையும் தாங்குமான்னுதான் பார்க்கணும்.

இங்க ஒரு சுவாரஸ்யமான மாற்று, ஜிஎஃப்ஆர்ஜி பேனல். கண்ணாடி இழை கலந்த ஜிப்சம். உரத் தொழிற்சாலையில் மலை மாதிரி குவியுற ஜிப்சம் கழிவில் செய்யலாம். ஒரு பேனல் 12 மீ நீளம், 3 மீ உயரம், 124 மிமீ தடிமன். உள்ள வெற்று அறைகள் இருக்கிறதால சதுர மீட்டருக்கு 44 கிலோதான். நம்ம கான்கிரீட் பேனல் அதே சதுர மீட்டருக்கு 375 கிலோ! நிறுத்தின பிறகு தேவையான அறைகளில் கம்பியும் கான்கிரீட்டும் போட்டுப் பலப்படுத்துவாங்க. ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் 2013-ல் இந்த முறையில் இரண்டு தளத்தில் நாலு வீடு கொண்ட மாதிரிக் கட்டிடம் ஏறக்குறைய ஒரு மாசத்தில் எழும்பியது. அப்புறம் ஐஐடி திருப்பதியில் ஹாஸ்டலே இதில் கட்டியிருக்காங்க. ஜிப்சம்கிறதால தண்ணி விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பாத்ரூம், மொட்டை மாடி, அஸ்திவாரத்தை ஒட்டின பகுதி மூணுக்கும் நல்ல வாட்டர்ப்ரூஃபிங் வேணும்.

4. சஸ்டெய்னபிள்னு சொல்றது எவ்வளவு உண்மை?

ப்ரோஷரில் பச்சை இலை படம் போட்டுட்டா பச்சையாகிடாது. வரவு செலவு எழுதிப் பார்ப்போம்.

வரவுப் பக்கம்: சென்ட்ரிங் பலகையும் ப்ளைவுட்டும் ரொம்பக் குறையும். உடைஞ்ச செங்கல், சிந்தின கலவை மாதிரி குப்பை குறையும். க்யூரிங் தண்ணியை ஃபேக்டரியில் பிடிச்சு மறுபடி பயன்படுத்தலாம். ஹாலோ கோர் ஸ்லாப் போட்டா நடுவில் ஓட்டை இருக்கிற அளவுக்குக் கான்கிரீட்டே மிச்சம். சுவர் வழவழன்னு வர்றதால பூச்சு வேலையும் குறையும்.

செலவுப் பக்கம்: லாரி டீசல், கிரேன் டீசல், நீராவி க்யூரிங் எரிபொருள், தூக்கும்போது பேனல் விரிசல் விடாமல் இருக்கப் போடுற கூடுதல் கம்பி.

இதில் எல்லாரும் முதலில் கை காட்டுறது லாரியைத்தான். கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபேக்டரி 100 கிமீ தூரம். போக வர 200 கிமீ. லிட்டருக்கு 3 கிமீ ஓடும்னா 67 லிட்டர் டீசல். லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் ஏறத்தாழ 180 கிலோ. ஒரு ட்ரிப்பில் 4 பேனல் வந்தா, பேனலுக்கு 45 கிலோ.

இப்போ அதே பேனலுக்குள்ள இருக்கிற சிமெண்ட். கன மீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட்னு வெச்சா, 1.62 கன மீட்டருக்கு 648 கிலோ. ஒரு கிலோ சிமெண்ட்டுக்கு 0.85 கிலோ கார்பன்னு எடுத்தா சுமார் 550 கிலோ. லாரியை விடப் பத்து மடங்குக்கும் மேல!

இங்கதான் ட்விஸ்ட். மோல்டை மறுநாளே காலி பண்ணணும்னு ஃபேக்டரிக்கு அவசரம். சீக்கிரம் இறுகணும்னா ஃப்ளை ஆஷைக் குறைச்சு சிமெண்ட்டைக் கூட்டுவாங்க. அதே பேனலில் 30 சதவீத சிமெண்ட்டுக்குப் பதில் ஃப்ளை ஆஷ் போட்டிருந்தா கார்பன் 386 கிலோவா இறங்கியிருக்கும். வித்தியாசம் 165 கிலோ, அதாவது மூணரை லாரிப் பங்கு. ஆக, வேகமும் பசுமையும் எப்பவும் ஒரே பக்கம் நிக்கிறதில்ல. ப்ரீகாஸ்ட் கம்பெனிக்காரங்க பேச வந்தா "ஃபேக்டரி எவ்வளவு தூரம்?"னு மட்டும் கேட்காதீங்க. "மிக்ஸ் டிசைனில் ஃப்ளை ஆஷோ ஸ்லாகோ எவ்வளவு சதவீதம்?"னு கேளுங்க.

இன்னொரு வழி, கழட்டி மாட்டுறது. ஆம்ஸ்டர்டாமில் கீட்வோனன்னு ஒரு ஸ்டூடண்ட் குடியிருப்பு, ஏறக்குறைய ஆயிரம் கண்டெய்னர் யூனிட். 5 வருஷத்துக்குன்னு போட்டது, அதையும் தாண்டிப் பல வருஷம் ஓடியது. போல்ட் போட்ட இணைப்பா இருந்தா ஒரு இடத்தில் தேவை முடிஞ்சதும் இடிக்காமல் வேற இடத்துக்கு எடுத்துப் போகலாம்கிறதுதான் இதன் பலம். ஆனா ஆம்ஸ்டர்டாம் வெயிலும் வேலூர் வெயிலும் ஒண்ணு இல்ல. இரும்புப் பெட்டியை அப்படியே இங்க வெச்சா என்னாகும்னு நான் சொல்லத் தேவையில்ல.

5. ராத்திரி ஏன் சுவர் சுடுது?

வெயில்னு வந்ததால இதையும் பேசிடுவோம். சுவர் வழியா வெப்பம் எவ்வளவு சுலபமா உள்ள வரும்கிறதுக்கு யு வேல்யூன்னு ஒரு எண். குறைவா இருந்தா நல்லது. சுவரின் இரு பக்கக் காற்றுத் தடையையும் சேர்த்துப் போட்டா ஏறக்குறைய இப்படி வரும்:

- 150 மிமீ கான்கிரீட் பேனல்: 3.8
- 230 மிமீ செங்கல் சுவர்: 2.2
- 200 மிமீ ஏஏசி பிளாக்: 0.8

(அலகு: சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, வாட்.)

நம்ம 3.6 × 3 மீட்டர் சுவரில் ஜன்னலை விட்டுடுவோம். வெளியில் உள்ளே விட 8 டிகிரி அதிகம்னா, கான்கிரீட் வழியா உள்ள வர்றது சுமார் 328 வாட். செங்கலில் 190. ஏஏசியில் 69.

இது நிலையான சூழலுக்கான எளிய கணக்கு. நிஜத்தில் இன்னொண்ணும் நடக்கும். கனமான கான்கிரீட் மதிய வெயிலைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, சாயந்திரத்துக்கு மேல மெதுவா ரூமுக்குள்ள விடும். பகலில் மட்டும் ஆள் இருக்கிற ஆபீஸுக்கு இது ஒருவகையில் சாதகம். ஹாஸ்டலில் தலைகீழ்! பகல் பூரா நாம கிளாஸில், சுவர் சூடு விடுற நேரத்தில்தான் ரூமில். மேற்குப் பார்த்த ரூமில் இருக்கிறவங்க ராத்திரி பத்து மணிக்குச் சுவரைத் தொட்டுப் பாருங்க, தியரி புரியும்.

தீர்வு இருக்கு. இரண்டு கான்கிரீட் அடுக்குக்கு நடுவில் இன்சுலேஷன் வெச்ச சாண்ட்விச் பேனல் போடலாம். இல்லைன்னா ஃப்ரேம் மட்டும் ப்ரீகாஸ்ட், வெளிச்சுவர் ஏஏசி. கூடவே ஜன்னலுக்கு மேல நல்ல சன்ஷேட், மொட்டை மாடியில் இன்சுலேஷனோடு வெள்ளை டைல்ஸ். இதெல்லாம் டெண்டரில் "தேவைப்பட்டால்"னு எழுதினா முதலில் வெட்டுப்படுறது இதுதான். கட்டாயம்னு எழுதணும்.

6. எல்லாம் ஜாயிண்ட்டில்தான் இருக்கு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன்னு சொன்னா, இதைப் படிங்க.

1968 மே 16, கிழக்கு லண்டன். ரோனன் பாயிண்ட்னு 22 மாடிக் குடியிருப்பு, பெரிய ப்ரீகாஸ்ட் பேனல்களில் கட்டினது. ஆள் குடிவந்து சில மாசம்தான் ஆகியிருந்தது. விடிகாலையில் 18-வது மாடி மூலை வீட்டில் டீ போட அடுப்பைப் பற்ற வெச்சதும் கேஸ் கசிவு வெடிச்சது. வெடிப்பு பெரிசு இல்ல. ஆனா அது மூலைச் சுவர் பேனலை வெளியே தள்ளிடுச்சு. அந்தச் சுவர் தாங்கின மேல் மாடிகள் பிடிப்பில்லாமல் சரிஞ்சது, அந்த எடை விழுந்து கீழ் மாடிகளும் மூலை முழுக்கச் சரிஞ்சது. 4 பேர் இறந்தாங்க.

கான்கிரீட் பலமாத்தான் இருந்தது. பேனலைப் பேனலோடு கட்டிப் போட்ட இணைப்புதான் பலமா இல்ல. 1980-களில் அந்தக் கட்டிடத்தைப் பிரிச்சுப் பார்த்தப்போ சில ஜாயிண்ட்டுகளில் கலவை சரியா நிரம்பாமல் இருந்தது தெரிஞ்சது. இந்த விபத்துக்கு அப்புறம்தான், ஒரு சின்னச் சேதம் கட்டிடம் முழுக்கப் பரவக் கூடாதுன்னு பிரிட்டன் விதிகளை மாத்தினாங்க. புரோக்ரஸிவ் கொலாப்ஸ்னு நாம படிக்கிற பாடத்துக்குப் பின்னாடி இருக்கிறது இந்த மூலைதான்.

நம்ம நாட்டிலும் பாடம் இருக்கு. 2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தில் குஜராத்தில் ப்ரீகாஸ்ட் முறையில் கட்டின பள்ளிக் கட்டிடங்கள் பல விழுந்தது. கூரைப் பலகைகள் ஒண்ணோடொண்ணு கட்டப்படாமல் சும்மா மேல உட்கார்ந்திருந்தது முக்கியக் காரணம். நில அதிர்வில் கூரை முழுசும் ஒரே தட்டா அசையணும். தனித்தனிப் பலகையா இருந்தா ஒவ்வொண்ணும் அது பாட்டுக்கு நழுவும்.

சைட்டில் வார்த்த கட்டிடத்தில் பீமும் தூணும் ஸ்லாபும் இயல்பாவே ஒட்டிப் பிறக்குது. ப்ரீகாஸ்டில் அந்த ஒட்டுறவை நாமதான் உண்டாக்கணும். அதுக்கு மூணு விஷயம்:

1. டை கம்பிகள். நீளவாக்கு, குறுக்குவாக்கு, மேலிருந்து கீழ்னு மூணு திசையிலும் தொடர்ச்சியா.
2. ஈர ஜாயிண்ட். இரண்டு பேனலில் இருந்தும் நீட்டிக்கிட்டு இருக்கிற வளையக் கம்பிகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகணும், நடுவில் செங்குத்துக் கம்பி, அப்புறம் சுருங்காத க்ரௌட்.
3. ஸ்லாப் மேல டாப்பிங். கம்பி வலை போட்டு மெல்லிய கான்கிரீட் அடுக்கு. தனித்தனி ஸ்லாப் எல்லாம் ஒரே தட்டாகிடும்.

ஐஎஸ் 15916, ஐஎஸ் 11447 இரண்டும் ப்ரீகாஸ்ட் வேலைக்கான நம்ம கோடுகள். லைப்ரரியில் ஒரு தடவை எடுத்துப் புரட்டுங்க.

ஜாயிண்ட்டுக்கு இன்னொரு வேலை, மழையை வெளியே நிறுத்துறது. வெளிப்பக்கம் வெறும் சீலண்ட்டை நம்பினா வெயிலில் அது காய்ஞ்சு விட்டுப்போகும். உள்ள நுழைஞ்ச தண்ணி தானா வடிஞ்சு வெளியே போற மாதிரி பள்ளமும் சரிவும் பேனல் வார்க்கும்போதே கொடுத்திருக்கணும்.

7. எப்போ வேண்டாம்னு சொல்லணும்?

- 20, 30 ரூம் மட்டும் வேணும்னா. மோல்டு செலவு தேறாது.
- சைட்டுக்குப் போற ரோடு ட்ரெய்லர் திரும்ப முடியாத அளவுக்குக் குறுகலா இருந்தா.
- ட்ராயிங் இன்னும் முடிவாகலைன்னா. சைட்டில் "அந்த ப்ளக் பாயிண்டை இந்தப் பக்கம் மாத்துங்க"ன்னு சொல்லலாம். வார்த்து முடிச்ச பேனலில் சொல்ல முடியாது.
- பின்னாடி சுவரை உடைச்சு ரெண்டு ரூமை ஒண்ணாக்குற எண்ணம் இருந்தா. பேனல் முறையில் அந்தச் சுவர்தான் எடையைத் தாங்குது.

8. நீங்களே செஞ்சு பாருங்க

ஒரு ஃப்ளோர் ஸ்லாப்: 3.6 மீ × 4.5 மீ, தடிமன் 125 மிமீ. எடை என்ன? கிரேன் தாங்கும் எடை, 15 மீட்டரில் 6 டன், 20 மீட்டரில் 4.5 டன், 25 மீட்டரில் 3.5 டன்னு சார்ட் சொல்லுது. கொக்கி, சங்கிலிக்கு 0.3 டன் சேர்த்துக்கங்க. 18 மீட்டர் தூரத்தில் வைக்கலாமா?

விடை: கன அளவு 2.025 கன மீட்டர், எடை சுமார் 5.06 டன். கொக்கியோடு 5.36. 18 மீட்டருக்கு 15-க்கும் 20-க்கும் நடுவில் ஒரு எண்ணை ஊகிச்சு எடுக்கக் கூடாது. சார்ட்டில் அடுத்து இருக்கிற பெரிய தூரத்தைத்தான் எடுக்கணும், அது 20 மீட்டர், 4.5 டன். ஆகவே முடியாது. கிரேனைக் கிட்ட நகர்த்தணும், இல்ல ஸ்லாபை இரண்டா பிரிக்கணும். பிரிச்சா இன்னொரு ஜாயிண்ட் கூடும்னு மறக்காதீங்க.

இப்போ ஆரம்பத்தில் பாக்கி வெச்ச விஷயம். சிவில் நண்பர்களே, அடுத்த வருஷம் நம்மில் சிலர் ஏதோ ஒரு ப்ரீகாஸ்ட் சைட்டில் ட்ரெய்னி இன்ஜினியரா நிப்போம். டிசைன் பண்ணப் போறது சீனியர். ஆனா க்ரௌட் ஊத்தும்போது பக்கத்தில் நிக்கப் போறது நாம. க்ரௌட் ஊத்தி மூடிட்டா உள்ள கம்பி இருக்கா, கலவை நிரம்புச்சான்னு யாருக்கும் தெரியாது. அதனால இந்த அஞ்சையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வெச்சுக்கங்க:

- வளையக் கம்பி ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருக்கா, செங்குத்துக் கம்பி இருக்கா? மூடுறதுக்கு முன்னாடி போட்டோ.
- ஜாயிண்ட் உள்ள தூசி, தெர்மோகோல், பேப்பர் எதுவும் இல்லாமல் சுத்தமா இருக்கா?
- ஸ்லாப் தாங்கி மேல ட்ராயிங்கில் சொன்ன அளவு உட்கார்ந்திருக்கா?
- க்ரௌட் க்யூப் எடுத்தாச்சா?
- க்ரௌட் பலம் ஏறுறதுக்குள்ள சாய்வு முட்டை யாராவது கழட்டுறாங்களா?

"மணி ஆச்சு, கையெழுத்து போடுப்பா"ன்னு சொல்வாங்க. அஞ்சில் ஒண்ணு இல்லைன்னாலும் போடாதீங்க. அந்தச் சுவருக்குப் பக்கத்துக் கட்டிலில் தூங்கப் போறது நம்ம ஜூனியர்.